அறுபத்திரண்டு கிலோ – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஒலிம்பிக்கின் அகதிகள் அணி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தபிறகு இதை எழுதுகிறேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலை வகுப்புக்குப் போகிறாள். அவளோடு சேர்ந்து நானும் பழைய போட்டிகளை யூடியூபில் பார்க்கிறேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 57 கிலோ பிரிவில் ஈரானின் நாஹித் கியானியும் பல்கேரியாவின் கிமியா அலிஸாதேவும் மோதினார்கள். கிமியா முன்பு ஈரானுக்கே பதக்கம் வாங்கிக் கொடுத்தவர் என்று மகள் சொன்னாள். பக்கத்தில் இருந்த என் தம்பி, "வளர்த்துவிட்ட நாட்டை விட்டுட்டுப் போய் அந்த நாட்டுப் பொண்ணையே உதைக்கிறா. இதுக்குப் பேர் துரோகம் இல்லாம வேற என்ன?" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

இன்னும் சில சந்தேகங்கள். உலக சாம்பியன்ஷிப்பில் லைட்வெயிட் என்றால் 62 கிலோ என்கிறாள் மகள். ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே இல்லையாம், ஏன்? அப்புறம், சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இந்த ஆட்டம் இரண்டு பேர் எதிரெதிரே நின்று நொண்டி விளையாடுவதுபோல இருக்கிறது. சுழன்றடிக்கும் உதை எல்லாம் எங்கே போயிற்று? கடைசியாக ஒன்று. மாவட்டப் போட்டிக்கு முன்னால் மகளை இரண்டு கிலோ குறைக்கச் சொல்கிறார் மாஸ்டர். குறைக்கலாமா?

கவிதா
ஓசூர்

*

அன்புள்ள கவிதா,

தம்பியின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் கிமியாவைப் பற்றிப் பேசினால் பாதிக் கதைதான் பேசுவோம்.

உலக சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கு எட்டுப் பிரிவுகள். 46, 49, 53, 57, 62, 67, 73 கிலோ என்று ஏழு, 73-க்கு மேல் ஒன்று. ஒலிம்பிக்கில் நான்கே நான்கு: 49, 57, 67, அதற்கு மேல். இதற்குப் பின்னால் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது, இடப் பஞ்சம்தான். ஒலிம்பிக்குக்கு மொத்தம் எத்தனை பேர் வரலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதில் டேக்வாண்டோவின் பங்கு, பிரிவுக்குப் பதினாறு பேர் வீதம், ஆண் பெண் சேர்த்து சுமார் 128 இடங்கள். 2000-ல் சிட்னியில் இது முறையான பதக்க விளையாட்டாக நுழைந்தபோது போட்ட நான்கு பிரிவுகள்தான் இன்றும். ஜூடோவில் பெண்களுக்கு ஏழு பிரிவுகள், மல்யுத்தத்தில் ஆறு. டேக்வாண்டோக்காரர்கள் பாவம், கிடைத்ததை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

ஆக, 62 கிலோவில் நீங்கள் உலக சாம்பியனாகவே இருந்தாலும் ஒலிம்பிக் என்று வந்துவிட்டால் ஐந்து கிலோவை இறக்கி 57-க்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் 67-க்கு ஏறவேண்டும். ஏறினால் அங்கே யார் நிற்பார்கள்? 70, 72 கிலோ உடம்பைக் காயப்போட்டு 67-க்குக் கொண்டுவந்தவர்கள். அவர்களுடைய சொந்தப் பிரிவான 73-ம் ஒலிம்பிக்கில் இல்லையே.

இந்த 62 கிலோ பிரிவில் ஜெயித்தவர்கள் பிறகு எங்கெங்கே போனார்கள் என்று தேடிப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஈரானின் ராஹெலே ஆசெமானி இந்தப் பிரிவில் வெள்ளி வாங்கினார். பிறகு ஈரானை விட்டு வெளியேறி, பெல்ஜியத்தில் அகதியாகி, அங்கே தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தார். 2016 ரியோவில் பெல்ஜியத்துக்காக 57 கிலோவில் இறங்கி ஐந்தாவதாக வந்தார். அதே நாள், அதே பிரிவில், ஈரானுக்காக ஆடி வெண்கலம் வாங்கியவர் பதினெட்டு வயது கிமியா. இதை உங்கள் தம்பியிடம் சொல்லிவையுங்கள், பின்னால் உதவும்.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 62 கிலோ தங்கம் தென்கொரியாவின் லீ டா-பின்னுக்கு. அப்போது அவருக்குப் பதினேழு வயது. அடுத்த ஆசிய விளையாட்டில், 2018 ஜகார்த்தாவில், 62 கிலோ பிரிவையே எடுத்துவிட்டார்கள். அவர் அதற்குள் மேலே ஏறிப் போய்விட்டார். ஜகார்த்தாவில் 67-க்கு மேற்பட்ட பிரிவில் தங்கம்.

2017-ல் கொரியாவின் முஜூவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 62 கிலோ இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஐவரி கோஸ்ட்டின் ரூத் பாக்பி, இன்னொரு பக்கம் ஈரானின் கிமியா. பாக்பி ஜெயித்தார். இந்த இருவரும் ஒரே எடையில், ஒரே மேட்டில் (ஆடுகள விரிப்பில்) உலகப் பட்டத்துக்கு மோதியவர்கள். ஆனால் ஒலிம்பிக்கில் இவர்கள் சந்திக்கவே முடியாது. பாக்பியின் இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்களும், ரியோவிலும் டோக்கியோவிலும், 67 கிலோவில் வந்தவை. கிமியாவின் ஒலிம்பிக் ஆட்டம் அத்தனையும் 57-ல். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. நடுவில் இருந்த அவர்களுடைய சொந்தப் பிரிவு காணாமல் போகிறது.

இப்போது நீங்கள் பார்த்த பாரிஸ் ஆட்டத்துக்கு வாருங்கள். 2024 ஆகஸ்ட் 8, கிராண்ட் பாலே. கிமியா 62-லிருந்து இறங்கி வந்தவர். எதிரே நின்ற நாஹித் கியானி, அதற்கு முந்தைய ஆண்டு பாகுவில் 53 கிலோவில் உலக சாம்பியனானவர். அவர் நாலு கிலோ ஏறி வந்திருக்கிறார், இவர் ஐந்து கிலோ இறங்கி வந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஓர் எடையில் சந்தித்துக்கொள்கிறார்கள். 1998-ல் பிறந்த, ஒரு காலத்தில் ஒரே ஈரான் அணியில் இருந்த இரண்டு பெண்கள்.

எடை குறைப்பது என்றால் நம் ஊரில் இப்போது எல்லோருக்கும் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் ஞாபகம்தான் வரும். கியானி–கிமியா ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான், ஆகஸ்ட் 7 காலையில், அவர் 50 கிலோவுக்கு 100 கிராம் கூடுதல் என்று இறுதிப் போட்டியிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டார். அவரும் 53-லிருந்து இறங்கியவர்தான். டேக்வாண்டோவில் எடை பார்ப்பது போட்டிக்கு முந்தைய நாள். அன்று சரியாக இருந்தால் போதும், ராத்திரி சாப்பிட்டுத் தேறிக்கொள்ளலாம் என்று ஆட்கள் கணக்குப் போட ஆரம்பித்ததால், போட்டியன்று காலையில் சிலரைக் குலுக்கலில் எடுத்து மறுபடி எடை பார்க்கிற விதி வந்தது. ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. 57 கிலோக்காரர் காலையில் 59.85-ஐத் தாண்டினால் கதை முடிந்தது.

பாரிஸில் இந்தப் பிரிவில் தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் யூ-ஜின் 183 சென்டிமீட்டர் உயரம். ஆறடி! அந்த உயரத்துக்கு 57 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு 17. பதினெட்டரைக்குக் கீழே போனாலே எடை குறைவு என்று டாக்டர் எழுதிவிடுவார். உலகத் தரவரிசையில் 24-ஆவது இடத்தில் இருந்தவர், அரையிறுதியில் முதலிடத்திலிருந்த சீனாவின் லுவோ ஜோங்ஷியைத் தோற்கடித்தார். இறுதிப் போட்டியில் கியானியை 5–1, 9–0 என்று இரண்டே ரவுண்டில் முடித்துவிட்டார். எடை ஏறி வந்த கியானியை, உடம்பை இறக்கி வந்த கிம் தோற்கடித்த ஆட்டம் அது. பார்த்தால் கியானியின் உதை பாதி தூரத்திலேயே நின்றுவிடும், கிம்மின் கால் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

இங்கேதான் உங்கள் நொண்டி வருகிறது. நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை, உலகம் முழுக்க பழைய டேக்வாண்டோக்காரர்கள் இதையே சொல்லிப் புலம்புகிறார்கள். ஆனால் அது எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும்.

2008 பெய்ஜிங் வரை ஒலிம்பிக்கில் புள்ளி போட்டது மேட்டின் மூலைகளில் உட்கார்ந்த நடுவர்கள். அவர்கள் கண்ணில் பட்டால்தான் புள்ளி. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன், சீனாவின் சென் ஜோங்கின் முகத்தில் உதைத்தார். அரங்கமே பார்த்தது, நடுவர்கள் பார்க்கவில்லை. தோற்றதாக அறிவித்து, பிறகு முறையீட்டின் பேரில் முடிவையே மாற்றினார்கள். அதே ஒலிம்பிக்கில் கியூபாக்காரர் ஒருவர் நடுவரின் முகத்திலேயே உதைத்துவிட்டு வாழ்நாள் தடை வாங்கிக்கொண்டு போனார். இதற்கு மேலும் மனிதக் கண்ணை நம்பமுடியாது என்று 2012 லண்டனிலிருந்து எலக்ட்ரானிக் மார்புக் கவசத்தை (செஸ்ட் கார்டு) கட்டாயமாக்கினார்கள். ரியோவில் தலைக் கவசமான ஹெட் கார்டிலும் சென்சார் வந்தது.

மகளின் வகுப்பில் இந்த ஏற்பாடு இருக்க வாய்ப்புக் குறைவு, அதனால் சொல்கிறேன். காலில் போடும் சாக்ஸில் சென்சார் இருக்கும். மார்பில் கட்டும் கவசத்திலும் இருக்கும். சாக்ஸ் கவசத்தைத் தொடவேண்டும், உதையின் பலம் அந்த எடைப் பிரிவுக்கென்று வைத்த அளவைத் தாண்டவேண்டும். இரண்டும் நடந்தால் பலகையில் புள்ளி ஏறும். அழகாகச் சுழன்றாயா, எதிராளி தள்ளாடினாளா என்பதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியாது. அப்புறம் என்ன ஆகும்? முதுகைக் காட்டிச் சுழலுகிற அரை விநாடியில் எதிராளி முன்காலால் தொட்டுவிடுவாள். சுழலுவது நஷ்டக் கணக்கு. முன்காலை மடக்கித் தூக்கி வைத்துக்கொண்டால் அதுவே கேடயம், அதுவே ஆயுதம். கால் நீளமாக இருந்தால் இன்னும் வசதி. அதனால்தான் ஆறடிப் பெண்கள் பட்டினி கிடந்தாவது கீழ்ப் பிரிவுக்கு வருகிறார்கள். எடை குறைப்பும் நொண்டியும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை.

இயந்திரம் வந்ததும் சண்டை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 2010 குவாங்சோவில் 49 கிலோ முதல் ஆட்டத்தில் தைவானின் யாங் ஷூ-சுன் 9–0 என்று முன்னிலையில் இருந்தார். முதல் ரவுண்டு முடியப் பன்னிரண்டு விநாடிகள். குதிகாலில் அனுமதியில்லாத சென்சார் ஒட்டியிருப்பதாகச் சொல்லித் தகுதிநீக்கம் செய்தார்கள். அந்தப் பெண் மேட்டிலேயே உட்கார்ந்து அழுதார், எழுந்து போகவே இல்லை. தைவானில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், கொரியக் கொடியை எரித்தார்கள். ஒரு சாக்ஸுக்காக!

நொண்டியைக் குறைக்க விதிகளை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சுழன்று உதைத்தால் மார்புக்கு நான்கு, தலைக்கு ஐந்து புள்ளிகள். காலைத் தூக்கி மூன்று விநாடிக்கு மேல் அந்தரத்தில் வைத்துத் தடுத்தால் கம்ஜோம், அதாவது எதிராளிக்கு ஒரு புள்ளி. 2022 முதல் மூன்றில் இரண்டு ரவுண்டு ஜெயித்தால் போதும் என்ற முறை. முதல் ரவுண்டில் பெரிய வித்தியாசத்தில் முந்திவிட்டு மீதி நேரத்தை ஓட்டிக் கழிப்பது இதனால் நின்றது. எனக்கு இந்தக் கடைசி மாற்றம் பிடித்திருக்கிறது. மற்றவை பெரிதாக எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை. சரி, ஒரே ஒரு ஆட்டம் பார்த்து மனசு மாறவேண்டும் என்றால் டோக்கியோவின் 49 கிலோ இறுதிப் போட்டியைப் பாருங்கள். தாய்லாந்தின் பனிபாக் வொங்பட்டனகிட்டும் ஸ்பெயினின் பதினேழு வயது அட்ரியானா செரெசோவும். கடைசிச் சில விநாடிகள் வரை செரெசோ 10–9 என்று முன்னால் இருக்கிறார். அங்கிருந்து ஒரு உதை, 11–10, தாய்லாந்துக்கு டேக்வாண்டோவில் முதல் ஒலிம்பிக் தங்கம். நொண்டி என்று சொல்லவே மாட்டீர்கள்.

இனி தம்பி.

ரியோவில் கிமியா வாங்கிய வெண்கலம், ஈரான் பெண் ஒருவர் ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கம். ஹெட் கார்டுக்குள் முக்காடு கட்டிய படம் உலகமெங்கும் போனது. அப்போதைய ஈரான் ஜனாதிபதி ரூஹானி ‘என் மகள் கிமியா’ என்று பாராட்டினார். மூன்றரை ஆண்டு கழித்து, 2020 ஜனவரியில், அந்த மகள் ஐரோப்பாவிலிருந்து இன்ஸ்டாகிராமில் ஒரு கடிதம் போட்டார். ஈரானில் ஒடுக்கப்படும் லட்சக்கணக்கான பெண்களில் தானும் ஒருத்தி, உடுத்தச் சொன்னதை உடுத்தினேன், சொல்லச் சொன்னதைச் சொன்னேன், தங்கள் தேவைக்கு என் பதக்கங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது அதன் சாரம். ஜெர்மனியில் குடியேறினார். ‘வளர்த்துவிட்ட நாடு’ என்கிறார் தம்பி. ஆளைத் தன் விளம்பரத்துக்கு நிறுத்திக்கொள்வதற்கு வளர்ப்பு என்று பெயரில்லை என்பது என் கருத்து. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை.

இன்னொரு நாட்டுக்கு ஆடுவதும் நினைத்த மாத்திரத்தில் நடக்கிற காரியமில்லை. ஒரு நாட்டுக்காகக் கடைசியாக ஆடி மூன்று ஆண்டுகள் கழியவேண்டும் என்கிறது ஒலிம்பிக் விதி. குடியுரிமையும் வேண்டும். அதனால் 2021 டோக்கியோவுக்கு அகதிகள் அணியில் வந்தார் கிமியா, முக்காடு இல்லாமல். குலுக்கலில் முதல் எதிராளி யார் என்கிறீர்கள்? நாஹித் கியானி. உலகத்தில் இத்தனை பேர் இருக்க! கிமியா 18–9 என்று ஜெயித்தார். அடுத்து பிரிட்டனின் ஜேட் ஜோன்ஸ், லண்டனிலும் ரியோவிலும் தங்கம் வாங்கி மூன்றாவதற்கு வந்தவர். அவரையும் 16–12. பிறகு சீனாவின் ஜோவ் லிஜுனை ஒரு புள்ளியில் தாண்டினார். அரையிறுதியில் ரஷ்யாவின் மினினாவிடமும் வெண்கல ஆட்டத்தில் துருக்கியின் இல்கூனிடமும் தோற்றார். அகதிகள் அணிக்கு முதல் பதக்கம் ஒரு ஆட்டத்தில் தவறிப்போனது.

டேக்வாண்டோவில் ஒரு வினோதமான விதி உண்டு. ஆரம்பச் சுற்றில் தோற்றவருக்கு மறுவாய்ப்பு கிடைப்பது, அவரைத் தோற்கடித்தவர் இறுதிப் போட்டி வரை போனால் மட்டும்தான். டோக்கியோவில் கிமியா அரையிறுதியில் தோற்றாரே, அதோடு கியானிக்கும் கதவு மூடிவிட்டது. பாரிஸில் அப்படியே தலைகீழ். பல்கேரியாவின் குடியுரிமை பெற்று வந்த கிமியாவை முதல் சுற்றில் கியானி தோற்கடித்தார். அதற்குப்பிறகு அன்று மதியம் முழுக்க கிமியா என்ன வேண்டிக்கொண்டிருப்பார்? ஈரான் ஜெயிக்கவேண்டும் என்றுதான். ஈரான் ஜெயித்தது. கியானி காலிறுதியைத் தாண்டி, அரையிறுதியைத் தாண்டி, இறுதிக்குப் போனார். அதனால் மறுவாய்ப்புச் சுற்றுக்குள் வந்த கிமியா ஆடி ஜெயித்து வெண்கலத்தை எடுத்தார். ஈரான் பெண்களின் முதல் ஒலிம்பிக் வெள்ளியோடு கியானியும், பல்கேரியாவின் வெண்கலத்தோடு கிமியாவும் ஒரே மேடையில் நின்றார்கள். தம்பி சொல்கிற துரோகிக்குப் பதக்கத்துக்கு வழி திறந்துவிட்டவர் கியானிதான். கியானி அரையிறுதியில் தோற்றிருந்தால் கிமியா சாயங்காலமே பையைக் கட்டியிருப்பார்.

மகள் விஷயம். குறைக்க வேண்டாம். பன்னிரண்டு வயதில் உடம்பு வளர்கிற நேரம், மாவட்டப் போட்டிக்காக இரண்டு கிலோவைப் பிடுங்குவது அநியாயம். அடுத்த பிரிவில் ஆடட்டும். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தயவுசெய்து கிம் யூ-ஜின் பெயரை எடுக்காதீர்கள், அதையே பிடித்துக்கொள்வார். லீ டா-பின்னைச் சொல்லுங்கள். 62-ல் ஆசியத் தங்கம் வாங்கிவிட்டு, 57-க்கு இறங்காமல் உடம்பு போன வழியில் மேலே போனவர். 2019-ல் 73 கிலோவில் உலகத் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். கடைசி இரண்டும் 67-க்கு மேற்பட்ட பிரிவில்.

அன்புடன்